உலகம் எப்படி வந்தது? யாரால் வந்தது?



2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை எமது மலையகத்தை உலுக்கிச் சென்றது. அதன் பின் சில வாரங்கள் கழித்து, வீட்டையும் கிழங்குப் பாத்திகளையும் மண்சரிவில் இழந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலை மண்டபத்தில் நாம் அமர்ந்திருந்தோம். மழை விட்டிருந்த மாலை நேரம். பிளேன்டீ வந்தது. பேச்சு பல திசைகளிலும் போய்க்கொண்டிருந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பையன் தன் பாட்டியிடம் சொன்னான்: "அம்மாயி, இந்த உலகம் ஒரு பெரிய வெடிப்புல தானா வந்திச்சின்னு எங்க சேர் சொன்னாரு. சாமி செஞ்சதில்லையாம்."

அம்மாயி உடனே பதில் சொன்னார்: "உலகத்த சாமி செய்யலைன்னா மலைய சரிச்சது யாருடா? நாம செஞ்ச பாவத்துக்கு சாமி குடுத்த தண்டனைதான் இது."

சுவரோரம் இருந்த ஒரு தாய் மெல்லக் கேட்டார்: "பச்சப்புள்ளைங்க என்ன பாவம் செஞ்சிச்சுங்க?"

அதற்கு அங்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் சொன்னவை எம்மோடு வீடு வரை வந்தன. உலகம் எப்படி உண்டானது என்பது ஒரு கேள்வி. அதை உண்டாக்கியவர் ஒருவர் இருக்கிறாரா என்பது இன்னொரு கேள்வி. எமக்கு நேர்ந்த துன்பத்துக்கு யார் காரணம் என்பது மூன்றாவது கேள்வி. மூன்றும் ஒரே முடிச்சாகச் சிக்கிக் கிடக்கின்றன. அந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஞ்ஞானம் சொல்வது என்ன?

முதலில் பையனின் ஆசிரியர் சொன்னதைப் பார்ப்போம். இன்றைய விஞ்ஞானத்தின் கணக்குப்படி, நாம் காணும் பிரபஞ்சம் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகவும் அடர்த்தியான, மிகவும் வெப்பமான நிலையில் இருந்தது. அன்று முதல் அது விரிந்துகொண்டும் குளிர்ந்துகொண்டும் வருகிறது. இதனைப் பெருவெடிப்புக் கொள்கை என்கிறார்கள்.

வெடிப்பு என்றதும் கல் உடைக்கும் இடத்தில் வைக்கும் வெடியைப் போல் நினைத்துவிடக் கூடாது. வெற்று வெளியின் நடுவில் ஒரு பொருள் வெடித்துச் சிதறவில்லை. வெளியே விரிந்தது. பேக்கரியில் முந்திரிகை வற்றல் போட்டுப் பிசைந்த மா பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மா பொங்கப் பொங்க ஒவ்வொரு வற்றலும் மற்ற எல்லா வற்றல்களையும் விட்டு விலகுகிறது. தூரத்தில் இருப்பது கூடிய வேகத்தில் விலகுகிறது. வற்றல்கள் மாவுக்குள் ஓடவில்லை. மாதான் பொங்குகிறது. நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதும் இவ்வாறுதான்.

இதற்குச் சான்று என்ன? முதலாவது, அந்த விலகல். 1929இல் அமெரிக்காவில் எட்வின் ஹபிள், தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள் அவற்றின் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் விலகுவதைத் தொலைநோக்கி அளவீடுகளால் காட்டினார். இரண்டாவது, பிரபஞ்சத்தில் உள்ள சாதாரணப் பொருளின் அளவு. அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஐதரசன், நான்கில் ஒரு பங்கு ஈலியம். ஆரம்ப வெப்பத்தின் முதற் சில நிமிடங்களில் என்ன உண்டாகியிருக்கும் என்று கணக்கிட்டால் இதே அளவுதான் வருகிறது.

மூன்றாவது சான்றை எம்மில் பலர் அறியாமலே கண்டிருக்கிறோம். லயத்துக் கூரையில் அன்டெனா கட்டி, பீதுருதாலகால மலை உச்சியின் கோபுரத்தில் இருந்து வரும் ரூபவாஹினியைப் பிடித்த காலம் நினைவிருக்கிறதா? அலை கிடைக்காதபோது திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் பறக்கும், 'ஸ்' என்று இரைச்சல் வரும். அந்த இரைச்சலில் ஒரு மிகச் சிறிய பங்கு பிரபஞ்சத்தின் ஆரம்ப வெப்பத்தில் இருந்து புறப்பட்டு வந்த கதிர்வீச்சு ஆகும். 1965இல் ஆர்னோ பென்சியாஸ், றொபேட் வில்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் வானொலி அன்டெனாவில் எந்தத் திசைக்குத் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கண்டார்கள். புறாக்களின் எச்சமாக இருக்குமோ என்று அன்டெனாவைக் கழுவியும் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. ஆறிப்போன அடுப்பின் கல்லில் மிஞ்சியிருக்கும் சூட்டைப் போல, பிரபஞ்சத்தின் பழைய சூடு இன்று சுமார் சைபருக்குக் கீழ் 270 பாகை செல்சியசில் எங்கும் பரவி இருக்கிறது என்பது அதனால் தெரியவந்தது.

இந்த வரலாறு எமக்குத் தூரமானதல்ல. எமது தேநீரில் இருக்கும் தண்ணீரின் ஐதரசன் அந்த ஆரம்பக் காலத்தைச் சேர்ந்தது. எமது மண்வெட்டியிலும் இரத்தத்திலும் இருக்கும் இரும்பு, நட்சத்திரங்களின் வாழ்விலும் அழிவிலும் உண்டானது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். நுவரெலியாவின் பாறைகளும் பழைமையானவை. ஒரு காலத்தில் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா யாவும் கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் அருகருகே இருந்தன. அவை நெருக்குண்டு சேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், எமது மலைப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறின. இன்று எமது காலடியில் இருக்கும் மண், அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் உக்கியதால் வந்தது.

இந்த விளக்கத்தில் எந்த இடத்திலும் கடவுள் என்ற சொல் வரவில்லை. அப்படியானால் விஞ்ஞானம் கடவுளை வெளியே தள்ளிவிட்டதா? இந்தக் கேள்வியோடு வாழ்ந்த ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும்.

தான் எழுதிய பந்தியை வெட்டிய குருவானவர்

பெருவெடிப்புக் கொள்கைக்கு முதல் விதை போட்டவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது எம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். அவர் பெயர் ஜோர்ஜ் லெமேத்ர். 1894இல் பெல்ஜியத்தில் பிறந்தார். முதலாம் உலகப் போரில் படையில் இருந்தார். 1923இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் லுவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1927இல், ஹபிளுக்கு இரண்டு வருடங்கள் முன்னரே, பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்கினால் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடம் அவர் சந்தித்த அல்பேட் ஐன்ஸ்டைன், கணக்குச் சரி, ஆனால் கருத்து ஏற்கத்தக்கதல்ல என்ற விதமாகச் சொல்லிவிட்டார். சில வருடங்களில் ஐன்ஸ்டைனும் பிரபஞ்சம் விரிவதை ஏற்றுக்கொண்டார். 1931இல் லெமேத்ர் அடுத்த அடியை வைத்தார். விரிவதைப் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் ஓர் ஆதி அணுவில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார்.

அந்தச் சிறு கட்டுரையின் தட்டச்சுப் பிரதி இன்றும் இருக்கிறது. அதன் கடைசியில் இறைவனைக் குறித்து ஒரு பந்தி உண்டு. இறைவன் மறைவாக இருப்பவர் என்ற தன் நம்பிக்கையை அதில் எழுதியிருந்தார். ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பந்தியைத் தாமே கோடிட்டு வெட்டிவிட்டார். அவர் தன் விசுவாசத்தை வெட்டவில்லை. இறக்கும் வரை குருவாகவே வாழ்ந்தார். விஞ்ஞானக் கட்டுரையில் அது இருக்க வேண்டிய இடம் அல்ல என்றே முடிவு செய்தார்.

சிலர் அவரைச் சந்தேகித்தார்கள். ஒரு பாதிரியார் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று சொன்னால், அது ஆதியாகமத்தைக் கணக்குக்குள் ஒளித்துக் கொண்டுவருவது போல் அவர்களுக்குத் தோன்றியது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்ட இங்கிலாந்து விஞ்ஞானி பிரெட் ஹொயில், 1949இல் ஒரு வானொலிப் பேச்சில் அந்தக் கொள்கையைப் 'பெருவெடிப்பு' என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மறு பக்கத்தில், 1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விஞ்ஞானிகளின் சபையில் உரையாற்றினார். ஆதியில் ஒளி உண்டாகட்டும் என்று இறைவன் சொன்னதற்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சி கூறுவது போல் இருக்கிறது என்ற கருத்து அவ்வுரையில் இருந்தது. தன் கொள்கைக்குப் பாப்பரசரே ஆதரவு தந்தால் ஒரு குருவானவர் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? லெமேத்ர் மகிழவில்லை, கவலைப்பட்டார். அடுத்த வருடம் உரோமையில் வானியலாளர்களின் மாநாடு நடக்க இருந்தது. அதற்கு முன் வத்திக்கானில் உரியவர்களிடம் தன் கவலையை எடுத்துச் சொன்னார். அதன் பின் பாப்பரசர் அவ்விதமாக மீண்டும் பேசவில்லை.

லெமேத்ரின் கவலை நியாயமானது. விஞ்ஞானக் கொள்கை புதிய சான்று வந்தால் மாறக்கூடியது. இன்று அதைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டினால், நாளை அது மாறும்போது கடவுளும் விழுந்துவிட்டார் என்று சொல்ல வேண்டி வரும். தன் கொள்கை கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு வெளியே நிற்கிறது, கடவுளை நம்பாதவரும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்பதே அவரது நிலை. 1966 ஜூன் மாதத்தில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, பென்சியாசும் வில்சனும் கண்டுபிடித்த இரைச்சலைப் பற்றிய செய்தியை அவருடைய உதவியாளர் கொண்டுவந்து சொன்னார். 2018இல் உலக வானியலாளர் சங்கம், பிரபஞ்ச விரிவு பற்றிய விதியை ஹபிள்-லெமேத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

கண்டி மலையில் ஓர் ஆய்வாளர், கொழும்பில் ஒரு பகுத்தறிவாளர்

இக்கேள்வி எமது நாட்டிலும் எழுந்தது. காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்றவர். பின்பு இலண்டனில் இரசாயனவியல் கற்று அமெரிக்கா சென்றார். உயிரற்ற பொருட்களில் இருந்து உயிருக்கு வேண்டிய மூலப் பொருட்கள் எவ்வாறு உண்டாகலாம் என்பதே அவர் வாழ்நாள் ஆய்வு. 1969இல் அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசன் என்ற இடத்தில் ஒரு விண்கல் விழுந்தது. பூமிக்கு வெளியே உண்டான அமினோ அமிலங்கள் அதில் இருப்பதை 1970இல் அவரும் அவரோடு உழைத்தவர்களும் காட்டினார்கள். அமினோ அமிலம் என்பது புரதத்தின் செங்கல். 1980களில் அவர் இலங்கைக்கு வந்து, கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராகப் பணியாற்றினார். 1994இல் காலமானார். மெய்யியலில் 'ஏன்' என்று கேட்கப் பழகிய ஒருவர், ஆய்வுகூடத்தில் 'எப்படி' என்று கேட்டு வாழ்நாளைச் செலவிட்டார்.

இன்னொருவர் டாக்டர் ஏப்ரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் மார்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்து, பின் கொழும்பில் ஆசிரியராக ஓய்வு பெற்றார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். மோசடி இல்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும் வரை அதை யாரும் வெல்லவில்லை. பேய், சூனியம், கெட்ட நேரம் என்று பணம் பறிப்பவர்களிடம் இருந்து எத்தனையோ ஏழைகளை அவர் காப்பாற்றினார். இறந்த பின் தன் கண்களையும் உடலையும் பிறர் பயனுக்குக் கொடுத்தார்.

கோவூரைப் போன்ற பகுத்தறிவாளர்கள் கேட்கும் கேள்வியை நாம் மறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும், ஆகவே கடவுள் வேண்டும் என்றால், கடவுளுக்குக் காரணம் என்ன? கடவுளுக்குக் காரணம் வேண்டாம் என்றால், பிரபஞ்சத்துக்கும் காரணம் வேண்டாம் என்று ஏன் சொல்லக் கூடாது? இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் 2010இல், இயற்கை விதிகளே போதும், தொடக்கி வைக்க ஒரு கடவுள் தேவையில்லை என்று எழுதினார்.

நம்புகிறவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். கடவுள் பொருட்களுள் ஒரு பொருள் அல்ல என்கிறார்கள். இயற்கை விதிகள் ஏன் இருக்கின்றன, ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்று அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள். அதைத் தொலைநோக்கியால் பார்க்க முடியாது. இரு தரப்பும் நேர்மையாகப் பேசினால், இந்த வழக்கு விஞ்ஞானத்தால் தீர்ந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

தெரியாத இடத்தில் கடவுளை வைக்கலாமா?

விஞ்ஞானத்துக்கு விடை தெரியாத இடங்கள் உண்டு. ஆரம்பக் கணத்துக்கு மிக அருகில் போகும்போது இன்றைய கணக்குகள் முறிந்துவிடுகின்றன. அதற்கு முன் என்ன, முன் என்ற சொல்லுக்கே அங்கு பொருள் உண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை. இதைக் கேட்டவுடன் எம்மில் சிலர், அந்த இடத்தில்தான் கடவுள் இருக்கிறார் என்று சொல்ல ஆசைப்படுவோம்.

அப்படிச் செய்தவர்கள் முன்னரும் இருந்தார்கள். பெரும் விஞ்ஞானி நியூட்டன், கோள்களின் பாதை காலப்போக்கில் குழம்பிவிடும், கடவுள் இடையிடையே சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று எண்ணினார். ஏறக்குறைய நூறு வருடங்களின் பின் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ், நியூட்டனைக் கலங்கவைத்த குழப்பங்களை இயற்கை விதிகளைக் கொண்டே விளக்கினார். அந்த இடத்தில் கடவுளை நிறுத்தியவர்கள் அவரை எடுக்க வேண்டி வந்தது. கசியும் தகரக் கூரையில் ஓட்டைக்கு ஓட்டை தார் வைப்பது போல் கடவுளை வைத்தால், கூரையை மாற்றும் நாளில் அவருக்கு வேலை இல்லாமல் போகும். ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சியில் சிறையில் இருந்த போதகர் டீட்ரிச் பொன்ஹொபர், 1944இல் எழுதிய கடிதத்தில் இதையே சொன்னார். எமக்குத் தெரியாதவற்றில் அல்ல, தெரிந்தவற்றிலே கடவுளைத் தேட வேண்டும் என்பது அவர் கருத்து.

எமது நாட்டின் சமயங்களிலும் இந்த அடக்கம் இருக்கிறது. ரிக் வேதத்தில் படைப்பைப் பற்றிய ஒரு பாடல், இது எங்கிருந்து வந்தது என்பதை மேலே இருந்து பார்ப்பவரும் அறிவாரோ அறியாரோ என்ற ஐயத்தோடு முடிகிறது. உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று விடாமல் கேட்ட சீடனுக்குப் புத்தர் நச்சு அம்பு தைத்தவனின் உவமையைச் சொன்னார். எய்தவன் யார், எந்த ஊர், எந்த வில் என்று விசாரித்து முடியும் வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் அவன் செத்துப்போவான். கிறிஸ்தவ ஞானியான அகுஸ்தீனார், வானத்தையும் பூமியையும் பற்றி அறிவுள்ளோர் நன்கு அறிந்த விடயங்களில் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் பிழையாகப் பேசி நகைப்புக்கு இடமாகக் கூடாது என்று சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்தார்.

மலையைச் சரித்தது யார்?

இப்போது அம்மாயியின் கேள்விக்கு வருவோம். உலகம் எப்படி வந்தது என்பதில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும் நாளைய சமையல் மாறாது. ஆனால் மலை ஏன் சரிந்தது என்பதற்கு நாம் சொல்லும் பதில் எமது பிள்ளைகளின் உயிரைத் தொடுகிறது.

மலை சரிவதற்குக் காரணம் உண்டு. உக்கிய பாறையின் மேல் தடித்த மண் படிந்திருக்கிறது. பெருமழை தொடர்ந்து பெய்யும்போது மண்ணின் துளைகளை நீர் நிரப்புகிறது. மண்ணின் பாரம் கூடுகிறது. உள்ளே நிற்கும் நீரின் அழுத்தம் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. சரிவு செங்குத்தாக இருந்து, கீழ்ப்பகுதி வீட்டுக்காகவோ பாதைக்காகவோ வெட்டப்பட்டும் இருந்தால் மேலே உள்ளது இறங்கிவிடும். கோப்பிக்கும் தேயிலைக்கும் வேண்டி 19ஆம் நூற்றாண்டில் காடு அழிக்கப்பட்டபோது, ஆழ வேர் விட்ட மரங்களும் போயின. தோட்டத்தில் கான் வெட்டி நீரைத் திருப்பிய பழைய வேலை குறைந்த இடங்களில் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

இதற்குள் மனிதரின் பொறுப்பும் இருக்கிறது. அந்தச் சரிவில் லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அதில் குடியிருந்தவர்கள் அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு ஒரு துண்டுக் காணி இல்லாதவர்கள் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவார்கள்?

இந்த இடத்தில் 'கடவுள் கொடுத்த தண்டனை' என்று சொன்னால் என்ன நடக்கிறது? பிள்ளையை இழந்த தாயின் தலையில் குற்றமும் ஏற்றப்படுகிறது. காணி கொடுக்க வேண்டியவர், கான் வெட்ட வேண்டியவர், எச்சரிக்கையைக் காதில் போட வேண்டியவர் எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். 1977இலும் 1983இலும் வன்செயலால் துரத்தப்பட்டவர்களிடமும் 'எல்லாம் விதி' என்று சொல்லப்பட்டது. கொளுத்தியது விதியின் கை அல்ல, மனிதரின் கை.

விசுவாசிகள் இங்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இயேசுவின் காலத்திலும் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னதாக லூக்கா எழுதிய நற்செய்தியில் இருக்கிறது. துன்பத்தில் இருப்பவரோடு இறைவன் இருக்கிறார் என்று நம்பலாம், செபிக்கலாம், அழலாம். நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்தால், மரங்களும் கம்பங்களும் சாய்ந்தால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால் அல்லது நின்றுபோனால் செபத்தோடு நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் தரும் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் நிறம் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள் என்று பொருள்.

லெமேத்ர் தன் கட்டுரையில் ஒரு பந்தியை வெட்டியது போல நாமும் ஒன்றை வெட்டலாம். மழையின் கணக்கில், சரிவின் கணக்கில், காணியின் கணக்கில் கடவுளின் பெயரை எழுதி வைத்திருந்தால் அதைக் கோடிட்டு வெட்டுவோம். அந்தக் கணக்குகளை நாமே பார்க்க வேண்டும். உலகம் ஏன் இருக்கிறது, நாம் ஏன் ஒருவரை ஒருவர் நேசிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு, கோவிலிலோ பள்ளியிலோ விகாரையிலோ ஆலயத்திலோ, அல்லது இவை எதிலும் இல்லாமலோ, ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி விடை தேடுவோம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அதே குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டினோம். பையன் தொலைக்காட்சி இரைச்சலைப் பற்றி இரண்டு தரம் கேட்டான். அம்மாயி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு சொன்னார்: "சாமி இருக்குன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா மலைய தள்ளுனது சாமி இல்லைன்னா, எங்களுக்குக் காணி எங்கன்னு மனுசங்ககிட்ட கேக்கலாம்ல?"

கேட்கலாம் அம்மாயி. கேட்கத்தான் வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. உலகம் எப்படி உண்டானது என்பதைப் பற்றி உங்கள் பெற்றோர், பாட்டன் பாட்டியர் என்ன சொன்னார்கள்? பிள்ளைகள் இன்று பாடசாலையில் என்ன படிக்கிறார்கள்? இரண்டையும் ஒரே வீட்டில் சண்டையின்றிப் பேச முடிகிறதா?

2. உங்களுக்கு நேர்ந்த ஓர் இழப்பை யாராவது 'தண்டனை' அல்லது 'விதி' என்று சொன்னதுண்டா? அதைக் கேட்டபோது உங்கள் மனதில் என்ன எழுந்தது?

3. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்தின் மேல்பக்கச் சரிவில் வெடிப்பு, சாய்ந்த மரம், அடைபட்ட கான் ஏதும் உண்டா? இந்த வாரமே ஒரு குழுவாகச் சென்று பாருங்கள். கண்டதை எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.